விமானப் பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதில் தருகிறேன். ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பதில்களில் வரும் வயது வரம்புகளும் பறக்கும் நேரக் கணக்குகளும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்துள்ள குறைந்தபட்ச நெறிகளாகும். அந்தந்த நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் இவற்றுக்கு மேலும் நிபந்தனைகள் விதிக்கக்கூடும் என்பதால், பணம் கட்டுவதற்கு முன் ஆணையத்தின் விதிகளை ஒருமுறை நேரடியாகப் படித்துவிடுங்கள்.

கேள்வி: பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறேன். விமானி ஆக வேண்டும் என்பது சிறு வயது முதலே என் ஆசை. விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்துக் குழம்பிப் போயிருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பயிற்சிப் பள்ளியைத் தேடுவதற்கு முன் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். விமானிகளைப் பரிசோதிக்க ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற மருத்துவர்கள் தனியே இருக்கிறார்கள். அவர்கள் தரும் சான்றே செல்லும். சொந்த விருப்பத்துக்காகப் பறப்பவருக்கு இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று போதும். அதைத் தொழிலாகக் கொள்பவருக்கு முதல் வகுப்புச் சான்று வேண்டும். உங்கள் நோக்கம் தொழில் என்பதால், தொடக்கத்தில் தனியார் விமானி உரிமத்துக்குத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றாலும், முதல் வகுப்புப் பரிசோதனையையே இப்போது செய்துகொள்ளுங்கள். பெரும் பணத்தைச் செலவழித்துப் பாதி வழி போன பிறகு, இதயத் துடிப்பிலோ செவியிலோ பார்வையிலோ இருக்கும் ஒரு குறையால் தொழில்முறை உரிமம் கிடைக்காது என்று தெரிய வருவது மிகக் கொடுமையானது. தொடக்கத்திலேயே தெரிந்தால் அதைத் தவிர்த்துவிடலாம்.

அடுத்ததாக, அறிமுகப் பறத்தல் ஒன்றுக்குச் செல்லுங்கள். ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பயிற்றுநருடன் பறந்து பார்க்கும் வாய்ப்பைத் தருகின்றன. அதில் விமானத்தின் கட்டுப்பாடுகள் சிறிது நேரம் உங்கள் கைக்கு வரும். சிறிய விமானத்தின் இரைச்சலும் குலுக்கலும் உங்கள் உடலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதும், நீங்கள் விரும்பியது பறப்பதையா அல்லது விமானியின் சீருடையையா என்பதும் அப்போது ஓரளவு புலப்படும். இரண்டு வெவ்வேறு பள்ளிகளில் இப்படிப் பறந்து பார்த்தால் ஒப்பிடவும் முடியும்.

வயதைப் பொறுத்தவரை, தனியார் விமானி உரிமத்துக்கு 17, வணிக விமானி உரிமத்துக்கு 18, பயணிகள் விமானத்தின் தலைமை விமானியாவதற்குரிய உயர்நிலை உரிமத்துக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். தனியார் உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டத்தில் படித்தால் 35 மணி போதும். அதில் குறைந்தது 10 மணி நேரம் நீங்கள் மட்டுமே விமானத்தில் இருந்து பறந்ததாக இருக்க வேண்டும். வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம், அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டத்தில் 150 மணி நேரம். உயர்நிலை உரிமத்துக்கு 1,500 மணி நேரம். இந்தப் பாதையின் நீளத்தை இப்போதே மனத்தில் வாங்கிக்கொண்டு, அதற்கேற்ற பொறுமையோடு பள்ளியைத் தேடுங்கள்.

கேள்வி: கண்ணாடி அணிகிறேன். விமானி ஆக முடியுமா? நிறக்குருடு இருந்தால்?

கண்ணாடி தடையில்லை. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/9 அளவும், இரு கண்களும் சேர்ந்து 6/6 அளவும் பார்வை இருந்தால் முதல் வகுப்புச் சான்றுக்குப் போதுமானது. பறக்கும்போது மாற்றுக் கண்ணாடி ஒன்றையும் எட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். நிற வேறுபாடு அறிவது வேறு விஷயம். புள்ளிகள் நிறைந்த அட்டைகளில் எண்களைப் படிக்கும் முதல் சோதனையில் தவறினால், விமானப் போக்குவரத்தில் பயன்படும் ஒளி விளக்குகளின் நிறங்களைச் சரியாகச் சொல்ல முடிகிறதா என்று மேலும் சோதிப்பார்கள். அதிலும் தேறாதவருக்குப் பகலில் மட்டும் பறக்கலாம் என்ற வரம்புடன் இரண்டாம் வகுப்புச் சான்று கிடைக்க வழி உண்டு. முதல் வகுப்புச் சான்று கிடைக்காது.

கேள்வி: ஒரு பள்ளி மற்றவற்றைவிட மணிக்கு மிகக் குறைவான கட்டணம் சொல்கிறது. இன்னொரு பள்ளி, 40 மணி நேரத்துக்கான முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டினால் பெரிய தள்ளுபடி தருவதாகச் சொல்கிறது. எதை நம்புவது?

இரண்டையுமே அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். மணிக்கு இவ்வளவு என்ற எண்ணைக் கொண்டு பள்ளிகளை ஒப்பிடுவதுதான் தொடக்கநிலையாளர்களை அதிகம் ஏமாற்றும் கணக்கு என்று உறுதியாகச் சொல்வேன். உரிமம் கைக்கு வரும்வரை மொத்தம் எவ்வளவு செலவாகும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அந்த மொத்தத்தைத் தீர்மானிப்பதில் மணிக் கட்டணத்துக்கு உள்ள பங்கைவிடப் பயிற்சி தடையின்றித் தொடர்வதற்கு உள்ள பங்கு பெரியது.

காரணம் எளிது. 40 மணி என்பது சட்டம் வகுத்த குறைந்தபட்ச அளவு. தேர்வாளர் முன் தேறும் நிலைக்கு வரப் பலருக்கு 60, 70 மணி நேரம் ஆகிறது. அந்தக் கூடுதல் மணிகளில் பெரும்பகுதி, கற்றதை மறந்து மீண்டும் கற்பதில் போய்விடுகிறது. தரையிறங்கும்போது ஓடுபாதைக்குச் சில அடி மேலே விமானத்தின் மூக்கை எந்தக் கணத்தில், எவ்வளவு மெதுவாக உயர்த்துவது என்பது கண்ணும் கையும் சேர்ந்து பழகும் திறமை. தொடக்க நிலையில் அது மிக விரைவில் நழுவிவிடும். வாரத்துக்கு மூன்று முறை பறப்பவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். மூன்று வாரத்துக்கு ஒரு முறை பறப்பவர், ஒவ்வொரு பாடத்தின் முதல் பாதியையும் பழைய இடத்துக்கு வந்து சேரவே செலவிடுகிறார். ஆகவே, மணிக் கட்டணம் குறைவாக இருந்தும், ஒரே விமானத்தை முப்பது மாணவர்கள் பகிர்ந்துகொள்ளும் பள்ளியில் படித்தால், முடிவில் அதிகம் செலவழித்திருப்பீர்கள்.

கட்டணத்துக்குள் எவை அடங்கும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். எரிபொருள் சேர்ந்ததா, தனியா? பயிற்றுநருக்குத் தனிக் கட்டணமா? பறப்பதற்கு முன்னும் பின்னும் தரையில் நடக்கும் விளக்கத்துக்குப் பணம் உண்டா? விமான நிலையத்தின் தரையிறங்கும் கட்டணம், தேர்வுக் கட்டணம், தேர்வுக்கு விமானம் எடுக்கும் வாடகை, புத்தகங்கள், ஹெட்செட் ஆகியவை யார் பொறுப்பு? நேரத்தை எந்த மீட்டரை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்பதும் முக்கியம். ஹாப்ஸ் மீட்டர் இன்ஜின் இயங்கும் நேரத்தைக் கடிகாரம் போலவே எண்ணும். டேக்கோ மீட்டரோ இன்ஜினின் சுழற்சி வேகத்தைப் பொறுத்தது. தரையில் மெதுவாக நகரும்போது அது மெதுவாகவே ஓடும். எனவே ஒரே பாடத்துக்கு இரண்டு மீட்டர்களும் இரு வேறு தொகைகளைக் காட்டும். ஓடுபாதை காலியாகக் காத்திருக்க நேரும் பரபரப்பான விமான நிலையத்தில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும்.

முன்பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: முழுத் தொகையையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். மாணவர்களின் பணத்தோடு பள்ளிகள் மூடப்பட்டுப்போன நிகழ்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அப்படி நேரும்போது மாணவர், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டுக் கடைசி வரிசையில் நிற்பவராகிவிடுகிறார். பறந்த பிறகு கட்டுவதே நல்லது. முடியாவிட்டால், ஐந்து அல்லது பத்து மணி நேரத்துக்கான தொகையை மட்டும் தவணையாகக் கட்டுங்கள். விலகினால் மீதியை எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்மொழி உறுதியை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். தள்ளுபடிக்கு இன்றே கடைசி நாள் என்று அவசரப்படுத்தும் பள்ளியிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: பள்ளியை நேரில் பார்க்கப் போகும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? எனக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதே?

விமானத்தைப் பற்றித் தெரியாதவரும் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடியவை நிறைய இருக்கின்றன. முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஒரு முறையும், சொல்லாமல் வானிலை நன்றாக இருக்கும் ஒரு காலை வேளையில் இன்னொரு முறையும் செல்லுங்கள். அதிகாலைக் காற்று பொதுவாக அமைதியாக இருக்கும் என்பதால், பயிற்சிக்கு மிகவும் ஏற்ற நேரம் அதுவே. அந்த நேரத்தில் எத்தனை விமானங்கள் வானில் இருக்கின்றன, எத்தனை தரையில் மூடிக் கிடக்கின்றன என்று எண்ணுங்கள். பள்ளியின் சிற்றேட்டில் பத்து விமானங்களின் படம் இருக்கலாம். அவற்றில் பறக்கும் நிலையில் இருப்பவை நான்காக இருக்கலாம். மாணவர் எண்ணிக்கையையும் பயிற்றுநர் எண்ணிக்கையையும் கேட்டு, இந்த நான்கோடு பொருத்திப் பாருங்கள்.

பழுதுபார்ப்பவர்கள் பள்ளியிலேயே இருக்கிறார்களா, வெளியிலிருந்து வர வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. பயிற்சி விமானங்கள் 50 மணி, 100 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று குறித்த இடைவெளிகளில் பரிசோதிக்கப்படுவது வழக்கம். தீவிரமாகப் பறக்கும் விமானத்துக்கு 100 மணி நேரம் சில வாரங்களில் வந்துவிடும். அந்தப் பரிசோதனை இரண்டு நாளில் முடிகிறதா, உதிரிப் பாகத்துக்காக ஒரு மாதம் நிற்கிறதா என்பதில்தான் உங்கள் பயிற்சியின் தொடர்ச்சி அடங்கியிருக்கிறது. பழுதுப் பதிவேட்டைக் காட்டும்படி கேளுங்கள். தொடக்கநிலையாளர்கள் நாள்தோறும் தரையிறக்கிப் பழகும் விமானத்தில் சிறு சிறு பழுதுகள் வராமல் இருக்க முடியாது. ஆகவே, பழுதுகள் எழுதப்பட்டு, அவற்றின் எதிரே சரிசெய்தவரின் கையெழுத்தும் நாளும் இருக்கும் பதிவேடு நல்ல அறிகுறி. ஒன்றுமே எழுதப்படாத பதிவேடு, அங்கே பழுதைச் சொல்ல மாணவர்கள் தயங்குகிறார்கள் என்பதைக் காட்டக்கூடும்.

பயிற்சி வெளி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கேட்க மறக்காதீர்கள். விமான நிலையத்திலிருந்து பயிற்சிக்கு ஒதுக்கப்பட்ட வான்பகுதிக்குப் போக இருபது நிமிடமும் திரும்ப இருபது நிமிடமும் ஆனால், ஒரு மணி நேரப் பாடத்தில் உங்களுக்கு மிஞ்சுவது இருபது நிமிடம். கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள பெரிய விமான நிலையத்தில் படிப்பவருக்கு ரேடியோவில் பேசும் துணிவு விரைவில் வந்துவிடும். ஆனால் பெரிய விமானங்களுக்கு வழிவிட்டுக் காத்திருக்க வேண்டிவரும். சிறிய விமானத் தளத்தில் ஒரே மணி நேரத்தில் பல முறை தரையிறங்கிப் பழகலாம். ஆனால் கட்டுப்படுத்தப்பட்ட வான்வெளிக்குப் பின்னால் தனியே பழகிக்கொள்ள வேண்டும். இவற்றில் ஒன்றே சிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். சிறிய தளத்தில் தொடங்கி, ரேடியோப் பயிற்சிக்காக அவ்வப்போது பெரிய நிலையத்துக்குச் சென்று வரும் பள்ளி கிடைத்தால், தொடக்கநிலையாளருக்கு அது நல்ல வாய்ப்பு.

இவை எல்லாவற்றையும்விட அதிக உண்மையைச் சொல்லக்கூடியவர்கள் அங்கே பாதிப் பயிற்சியை முடித்திருக்கும் மாணவர்கள். அலுவலர்கள் அருகில் இல்லாத நேரத்தில் அவர்களோடு பேசுங்கள். பள்ளி எப்படி என்று பொதுவாகக் கேட்டால், பொதுவான பதில்தான் வரும். கடைசியாக என்று பறந்தீர்கள், அதற்கு முன் என்று, இடையில் ஏன் பறக்கவில்லை, இதுவரை எத்தனை பயிற்றுநர்கள் மாறினார்கள், எழுத்துத் தேர்வுகளை எப்போது முடித்தீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் பறப்புக் குறிப்பேட்டைப் பாருங்கள். அதில் தேதிகளுக்கு இடையே உள்ள இடைவெளிகள் எந்த விளம்பரத்தையும்விட வெளிப்படையாகப் பேசும்.

ஒரு பாடத்திட்டம் எழுத்தில் இருக்கிறதா, ஒவ்வொரு பாடத்துக்கும் முன்பு விளக்கமும் பின்பு ஆய்வும் நடக்கின்றனவா, மாணவர் தனியாகப் பறக்கக் காற்று வேகமும் மேக உயரமும் எந்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்று பள்ளி வரையறுத்திருக்கிறதா என்பவற்றையும் விசாரித்துவிடுங்கள். காற்று பலமாக இருக்கும் நாளில் பாடத்தை ரத்துசெய்த பயிற்றுநரை நிர்வாகம் எப்படி நடத்துகிறது என்பது தெரிந்தால், அந்தப் பள்ளியை ஏறக்குறைய முழுமையாகத் தெரிந்துகொண்டதாகவே கொள்ளலாம்.

கேள்வி: என் பயிற்றுநர் விமானத்தில் கத்துகிறார். அவர் திறமையானவர்தான், ஆனால் அவர் அருகில் உட்கார்ந்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. இதற்கு முன் இருந்த இருவரும் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். பள்ளியை மாற்ற வேண்டுமா?

முதலில் பயிற்றுநரை மாற்றித் தரும்படி தலைமைப் பயிற்றுநரிடம் கேளுங்கள். இது முறையான கோரிக்கை. இதற்காக யாரும் உங்களைக் குறைவாக எண்ணக் கூடாது. அச்சம் கவனத்தைச் சுருக்கிவிடும். கத்தலுக்குப் பயந்திருக்கும் மாணவர், வேகமானியைப் பார்க்க வேண்டிய நேரத்தில் பயிற்றுநரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட மணி நேரத்துக்கு நீங்கள் முழுக் கட்டணம் கட்டுகிறீர்கள்.

பறப்பதைக் கற்பிப்பது தனிக் கலை என்பதை விமானத் துறை முதல் உலகப் போரின் போதே உணர்ந்தது. அந்தக் காலத்தில் பயிற்சியிலேயே இளைஞர்கள் பலர் உயிரிழந்தார்கள். 1917-இல் இங்கிலாந்தின் கோஸ்போர்ட் என்ற இடத்தில் ராபர்ட் ஸ்மித்-பேரி என்ற அதிகாரி அந்த முறையை மாற்றினார். இருவருக்கும் கட்டுப்பாடுகள் உள்ள விமானத்தில் மாணவரை உட்காரவைத்து, பேச்சுக் குழாய் வழியே ஒவ்வொரு செயலுக்கும் காரணம் சொல்லி, ஆபத்தானவை என்று அதுவரை விலக்கிவைத்திருந்த சுழல் வீழ்ச்சி போன்றவற்றுக்குள் வேண்டுமென்றே கொண்டுபோய், மீளும் வழியைக் கற்பித்தார். காரணத்தைச் சொல்லுவதும், தவறு செய்யப் பாதுகாப்பான இடம் தருவதும் அன்று முதல் நல்ல பயிற்றுநரின் அடையாளங்களாக இருக்கின்றன.

உங்கள் பயிற்றுநரை எடைபோட இன்னொரு வழியும் உண்டு. விமானத்தை யார் ஓட்டுகிறார்கள் என்பதில் ஒரு நொடிகூட ஐயம் இருக்கக் கூடாது. கட்டுப்பாட்டை ஒருவர் கொடுக்கும்போது அதை வாயால் சொல்ல வேண்டும். மற்றவர் வாங்கிக்கொண்டதாக வாயால் சொல்ல வேண்டும். கொடுத்தவர் அதை மீண்டும் உறுதிசெய்ய வேண்டும். இந்த ஒழுங்கைத் தவறாமல் கடைப்பிடிப்பவர், சற்றுக் கடுமையாகப் பேசினாலும், உங்கள் பாதுகாப்பில் அக்கறை உள்ளவர். சொல்லாமல் கொள்ளாமல் கட்டுப்பாட்டைப் பிடுங்குபவரிடம் நீடிக்க வேண்டாம்.

பயிற்றுநர்கள் மாறுவதைப் பொறுத்தவரை, பலரும் விமான நிறுவனங்களில் சேரத் தேவையான பறக்கும் நேரத்தைச் சேர்ப்பதற்காகவே கற்பிக்க வருகிறார்கள் என்பதால், மாற்றத்தை முற்றிலும் தவிர்க்க முடியாது. உங்கள் முன்னேற்றம் எழுத்தில் பதிவாகி, புதியவர் அதைப் படித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால், மாற்றத்தால் பெரிய இழப்பில்லை. ஒவ்வொரு முறையும் நேர்க்கோட்டில் பறப்பதிலிருந்து தொடங்கவைத்தால், அது பள்ளியின் குறை. அப்போது பள்ளியை மாற்றுவது பற்றி யோசிக்கலாம். மாறும்போது பறப்புக் குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் பயிற்றுநரின் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பயிற்சிப் பதிவுகளின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய செஸ்னாவில் கற்பதா, கணினித் திரைகள் நிறைந்த புதிய விமானத்தில் கற்பதா?

நன்றாகப் பராமரிக்கப்படும் எந்த விமானத்திலும் கற்கலாம். செஸ்னா 172 முதன்முதலில் பறந்தது 1955-இல். அந்த வகையில் 44,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் தயாரிக்கப்பட்டிருக்கின்றன. பயிற்சிக்கு அதை இன்றும் நாடக் காரணம், மாணவரின் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் அதன் இயல்பும், உதிரிப் பாகங்கள் எங்கும் கிடைப்பதும்தான். தொடக்கப் பயிற்சியில் கண் விமானத்துக்கு வெளியே இருக்க வேண்டும். அடிவானத்தோடு மூக்கின் நிலையை ஒப்பிட்டே நேராகப் பறக்கவும், ஏறவும், இறங்கவும், திரும்பவும் கற்கிறோம். வண்ணத் திரைகள் கண்ணை உள்ளே இழுத்துவிடுகின்றன என்பதால், முதல் இருபது மணி நேரத்துக்கு எளிய முள் கருவிகளே நல்லவை என்பது என் எண்ணம். விமான நிறுவனத்தில் சேர விரும்புபவர் பின்னர் திரைகளுக்கு மாறியாக வேண்டும்; அதற்கு நேரம் இருக்கிறது. படிப்பின் நடுவே விமான வகையை அடிக்கடி மாற்றாமல் இருப்பதுதான் இதில் முக்கியம்.

கேள்வி: என்னோடு சேர்ந்தவர்கள் பதினைந்து மணி நேரத்தில் தனியாகப் பறந்துவிட்டார்கள். நான் இருபத்தைந்து மணி நேரத்தைக் கடந்தும் பயிற்றுநர் அனுமதிக்கவில்லை. எனக்கு இந்தத் துறை சரிப்படாதோ?

அப்படி முடிவு செய்யாதீர்கள். தனியாகப் பறப்பதற்கு மணிக் கணக்கு அளவுகோல் ஆகாது. ஓடுபாதையைச் சுற்றி ஒரு செவ்வக வட்டமடித்துத் தரையிறங்கும் பயிற்சியில், ஒவ்வொரு பக்கத்திலும் உயரமும் வேகமும் குறித்த அளவில் இருக்கின்றனவா, குறுக்குக் காற்று தள்ளும்போது அதை நீங்களே கண்டு ஈடுசெய்கிறீர்களா, இன்ஜின் நின்றுவிட்டதாகப் பயிற்றுநர் சொன்னால் தயங்காமல் இறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்களா என்பவற்றையே அவர் பார்க்கிறார். இறங்குமுகம் சரியில்லை என்று தெரிந்ததும், யாரும் சொல்லாமலே இன்ஜின் சக்தியைக் கூட்டி, தரையிறங்காமல் மீண்டும் மேலே ஏறுகிறீர்களா என்பதற்கு அவர் மிகுந்த மதிப்புத் தருவார். அழகாகத் தரையிறங்கும் மாணவரைவிட, இறங்கக் கூடாத நேரத்தை அறிந்த மாணவரைத் தனியே அனுப்பப் பயிற்றுநருக்கு எளிதில் மனம் வரும்.

உங்களுக்கு எது குறைகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதித் தரும்படி அவரிடம் கேளுங்கள். தெளிவான பதில் கிடைத்தால், அந்த ஒன்றை மட்டும் இரண்டு மூன்று பாடங்களில் பழகுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால், வேறொரு பயிற்றுநருடன் ஒரு முறை பறந்து அவர் கருத்தைக் கேட்கலாம். பறந்த நாட்களுக்கு இடையே நீண்ட இடைவெளிகள் இருந்தனவா என்று உங்கள் குறிப்பேட்டையும் பாருங்கள். பெரும்பாலும் தாமதத்தின் காரணம் அங்கேதான் கிடைக்கிறது.

கேள்வி: ஆங்கிலம் சரளமாக வராது. ரேடியோவில் பேசுவதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

ரேடியோவில் பேசப்படுவது பெரும்பாலும் வரையறுக்கப்பட்ட சில நூறு சொற்றொடர்கள்தான். யாரை அழைக்கிறோம், நாம் யார், எங்கே இருக்கிறோம், என்ன வேண்டும் என்ற வரிசையில் பேச்சு அமையும். கோபுரம் தரும் முக்கியமான கட்டளைகளை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கோபுரத்துக்கும் விமானங்களுக்கும் இடையே நடக்கும் உரையாடலைச் சட்டப்படி கேட்க வாய்ப்புள்ள இடங்களில் நாள்தோறும் கேட்டுப் பழகினால், காது விரைவில் தேறிவிடும்.

ஆயினும் மனப்பாடம் மட்டும் போதாது. வழக்கமல்லாத ஒன்று நேரும்போது, அதை எளிய ஆங்கிலத்தில் விளக்கத் தெரிய வேண்டும். அதற்காகவே 2008-ஆம் ஆண்டு முதல் சர்வதேச அளவில் மொழித் தேர்வு நடைமுறைக்கு வந்தது. உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், பதிலளிக்கும் திறன் என்ற ஆறு கூறுகளை ஆறு நிலைகளில் மதிப்பிடுவார்கள். வெளிநாடுகளுக்குப் பறக்கும் விமானிக்குக் குறைந்தது நான்காம் நிலை வேண்டும். ஆறில் எது மிகக் குறைவோ அதுவே உங்கள் நிலையாகக் கொள்ளப்படும். எனவே வலிய கூறுகளை மெருகேற்றுவதைவிட, பலவீனமான ஒன்றை உயர்த்துவதில் நேரத்தைச் செலவிடுங்கள். தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் இருப்பது குற்றமில்லை. மற்றவருக்குத் தெளிவாகப் புரிந்தால் போதும்.

கேள்வி: வீட்டுக் கணினியில் சிமுலேட்டர் பழகினால் பயிற்சி நேரம் குறையுமா?

செயல்முறைகளைப் பழக அது உதவும். சரிபார்ப்புப் பட்டியலின் வரிசை, ரேடியோ அழைப்பு, வரைபடத்தோடு வழியைப் பொருத்துவது, கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது ஆகியவற்றைத் தரையில் பழகலாம் என்பதை 1929-இல் எட்வின் லிங்க் உருவாக்கிய பயிற்சிக் கருவியே காட்டிவிட்டது. கட்டுப்பாடுகளின் அழுத்தத்தையும் தரையிறங்கும் கணத்தையும் வீட்டுக் கணினி கற்பிக்காது. தவிரவும், கண்ணைத் திரையின் கருவிகளிலேயே வைக்கும் வழக்கம் ஒட்டிக்கொண்டால், அதைப் போக்கப் பயிற்றுநர் பாடுபட வேண்டியிருக்கும். முதல் சில பாடங்கள் முடியும்வரை அதைத் தள்ளிவைத்து, பிறகு பயிற்றுநர் சொல்லும் பகுதிகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: என் மகள் விமானப் பயிற்சியில் சேர விரும்புகிறாள். அவள் ஆசைக்குக் குறுக்கே நிற்க மனமில்லை. ஆனாலும் ஒற்றை இன்ஜின் விமானம் என்றதும் நெஞ்சு பதறுகிறது. ஒரு தந்தையாக நான் எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் பதற்றம் நியாயமானது. சிறிய விமானங்களில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. பறக்கும்போது இன்ஜின் நின்றால் விமானம் கல்லைப் போல விழாது. இறக்கைகள் இருப்பதால் சறுக்கிக்கொண்டு இறங்கும். அந்த நிலையில் இடம் பார்த்து இறங்குவதை மகள் தனியாகப் பறப்பதற்கு முன்பே பல முறை பழகியிருப்பார். இன்ஜின் நிற்பதைவிட நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியது, சரியில்லாத வானிலையில் கிளம்புவதும், சரிபார்க்காமல் கிளம்புவதும், வேகத்தைக் கவனிக்காமல் தாழ்வாகத் திரும்புவதுமே. இவை மூன்றும் மனிதர் முடிவெடுப்பதைப் பொறுத்தவை, ஆகவே கற்பிக்கக்கூடியவை.

சரிபார்ப்புப் பட்டியல் பிறந்த கதையே இதற்குச் சான்று. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் மாடல் 299 என்ற புதிய குண்டுவீச்சு விமானம், மேலெழுந்த சிறிது நேரத்தில் விழுந்தது. அதை ஓட்டியவர்கள் அனுபவம் மிக்கவர்கள். விமானம் நிற்கும்போது அதன் கட்டுப்பாட்டுப் பரப்புகள் காற்றில் ஆடாதிருக்கப் போடும் பூட்டை விடுவிக்காமல் கிளம்பியதே காரணம். திறமை எவ்வளவு இருந்தாலும் நினைவை மட்டும் நம்பக் கூடாது என்று உணர்ந்த பிறகே, எழுதிவைத்த பட்டியலைப் பார்த்துச் சரிபார்க்கும் வழக்கம் விமானிகளிடையே வேரூன்றியது. பள்ளிக்குச் செல்லும்போது, அங்குள்ள மூத்த பயிற்றுநர் புறப்படுவதற்கு முன் பட்டியலைக் கையில் எடுத்துப் படிக்கிறாரா என்று பாருங்கள். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவரே அதைச் செய்தால், மகளும் செய்வார்.

வீட்டில் உங்களால் செய்யக்கூடிய பேருதவி ஒன்று உண்டு. வானிலை காரணமாகப் பறக்காமல் அவர் திரும்பி வரும் நாளில், பணமும் நேரமும் வீணாயிற்று என்று ஒரு சொல்லும் சொல்லாதீர்கள்.

கேள்வி: எனக்கு வயது 52. வேலையில் இருப்பதால் வார இறுதியில் மட்டுமே நேரம் கிடைக்கும். இனிமேல் தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். தனியார் விமானி உரிமத்துக்கு மேல் வயது வரம்பு இல்லை. இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று 40 வயதுக்குக் குறைந்தவருக்கு 60 மாதங்கள் செல்லும். 40-க்குப் பின் அது 24 மாதங்களாகக் குறைகிறது. 50-ஐக் கடந்தவருக்கு 12 மாதங்களாகக் குறைக்கச் சர்வதேச நெறி பரிந்துரைக்கிறது. நாள்தோறும் எடுத்துக்கொள்ளும் மருந்துகள் இருந்தால், அவற்றின் பட்டியலோடு பரிசோதனைக்குச் செல்லுங்கள், எதையும் மறைக்காதீர்கள்.

வார இறுதி மட்டும் என்பதுதான் உங்கள் சிக்கல். சனிக்கிழமை மழை பெய்தால் அந்த வாரம் போய்விடும். எனவே வாரத்தில் ஒரு நாள் அலுவலகம் செல்வதற்கு முன் விடியற்காலைப் பாடம் தரக்கூடிய பள்ளியைத் தேடுங்கள். எழுத்துத் தேர்வுக்குரிய வானிலையியல், வழிகாணல், விமானச் சட்டம் ஆகியவற்றைப் பறக்கத் தொடங்குவதற்கு முன்பே வீட்டில் படித்து முடித்துவிடலாம். ஆண்டு விடுப்பில் இரண்டு வாரத்தைச் சேமித்து, தனியாகப் பறக்கும் கட்டம் நெருங்கும்போது அதைப் பயன்படுத்துங்கள்; தரையிறக்கம் கைவரும் கட்டத்தில் நாள்தோறும் பறப்பது மிகவும் உதவும். தனியாகச் சென்று வர வேண்டிய நெடும் பயணம் குறைந்தது 270 கிலோமீட்டர்; வழியில் இரண்டு வெவ்வேறு விமானத் தளங்களில் இறங்கி நிற்க வேண்டும். அதற்கு ஒரு முழு நாள் தேவைப்படும் என்பதால், வானிலை நிலையாக இருக்கும் பருவத்தில் அது வரும்படி உங்கள் பயிற்றுநருடன் முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.